அடுப்பு பற்றாத மதியம்

சிலிண்டர் தீர்ந்தது பன்னிரண்டே காலுக்கு,
உலை கொதிக்கச் சற்று முன்னால்.
மோட்டார் நேற்றே நின்றுவிட்டது.
நெருப்பும் தண்ணீரும் பேசிவைத்துக்கொண்டு
ஒரே நாளில் கைவிட்ட வீடு
பள்ளத்தூரில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

கிணற்றடியில் செபஸ்தியான்
மோட்டாரைக் குடல் குடலாக உருவிச்
சாக்கில் பரப்பியிருந்தார்.
மணி ஒன்றைத் தாண்டியதும்
எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.
"எனக்கு ஒண்ணும் வேணாம் ஆச்சி."
முப்பத்துநாலு வயதில் நான் ஆச்சி.
இந்த ஊரில் அது வயதுக் கணக்கில்லை.

குழாய் கசிந்த ஈரத்தில்
யாரும் விதைக்காத பருப்புக்கீரை,
சிவந்த தண்டும் கொழுத்த இலையுமாய்.
துவைகல் பக்கம் வல்லாரை.
நுனி நுனியாகக் கிள்ளினேன்.
மிச்சமிருந்தது ஒரு குடம் தண்ணீர்.
முதல் அலசலில் மண்.
இரண்டாவதில் நகம் அளவு ஒரு நத்தை.
மூன்றாவதைக் கொட்ட மனம் வராமல்
வாளியில் ஊற்றி வைத்தேன்
அவர் கை கழுவ.

கீரையைத் துண்டில் முடிந்து
முற்றத்தில் நின்று சுழற்றினேன்.
தூணிலெல்லாம் தூறல்.
எதிர்வீட்டு மாடியிலிருந்து உமையாள் எட்டிப் பார்த்து
ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள்.

கொய்யா இரண்டு.
ஒன்றில் அணில் முன்பே ருசி பார்த்திருந்தது;
அந்தப் பக்கத்தை அதற்கே விட்டு
மீதியைச் சீவினேன்.
பாதி மாதுளை, புறங்கையால் தட்டித் தட்டி.
அப்புறம் அந்தச் சீஸ் டப்பா.
சிங்கப்பூரிலிருந்து சோலையப்பன் கொண்டுவந்து
மூன்று மாதமாக அலமாரியில் நிற்கிறது.
திறப்பானை அங்கேயே வைத்துவிட்டு வந்த மனுஷன்
போனில் சொல்கிறார், கத்தியால் குத்திப் பார் என்று.

செபஸ்தியான் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
இதற்கு வயரிங் எங்கே என்பதுபோல.
ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தார்.
நாலு குத்து, ஒரு நெம்பல்.
உள்ளே மஞ்சளாக, சோப்புக்கட்டியின் அமைதியோடு
உட்கார்ந்திருந்தது சீஸ்.

எலுமிச்சை பிழிந்தேன்.
மிளகு நாலைந்து தட்டிப் போட்டு, உப்பு, நல்லெண்ணெய்.
கை தானாகக் கடுகு டப்பாவுக்குப் போய்
வெட்கப்பட்டுத் திரும்பியது.
வறுக்கவில்லை, அரைக்கவில்லை, தாளிக்கவில்லை.
பத்தே நிமிஷம்.
மசாலா நெடி ஏறிய சமையற்கட்டு
என்னை அந்நியப் பெண்ணாகப் பார்த்தது.

வாழையிலையில் வைத்ததும் அவர் கேட்டார்:
"இது ஆட்டுக்கா ஆச்சி?"
"நமக்குத்தான்."
ஒரு வாய். மென்றார்.
கிணற்றைப் பார்த்து இன்னொரு வாய்.
கொய்யா வந்தபோது புருவம் ஏறியது,
சீஸ் வந்தபோது நின்றது,
மாதுளை வெடித்தபோது இறங்கியது.
"புளிப்பும் இருக்கு, உப்பும் இருக்கு.
பல்லுக்குத்தான் வேலை பத்தல."

வயர் சுருளுக்கும் டேப்புக்கும் அடியிலிருந்து
அவர் பையில் ஒரு பொட்டலம் வந்தது,
கொழுந்தியா கட்டிக் கொடுத்த சீப்புச் சீடை.
உள்ளங்கையில் வைத்து நொறுக்கி
தன் இலையில் தூவினார்.
என்னைக் கேட்காமல்
என் கிண்ணத்திலும்.

அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.
நறுக் நறுக்கென்ற சத்தம் மட்டும்.
வழவழக்கும் கீரைக்கு நடுவே
எண்ணெயில் வெந்த ஒரு துணுக்கு,
இந்தக் கட்டடத்தில் இன்று
நெருப்பைப் பார்த்திருந்த ஒரே பண்டம்.

மூன்றரைக்கு மோட்டார் இருமி, உறுமி, ஓடியது.
கெப்பாசிட்டர் இருநூற்றெண்பது, கூலி நானூறு.
"என்ன சாப்பிட்டேன்னு வீட்ல கேப்பா,
பேரென்ன?"
"சாலட்."
"கீரையைப் பச்சையாத் தின்னேன்னு சொன்னா
நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப் போவா."

சைக்கிளில் பையை மாட்டிக் கிளம்பினார்.
சந்து திரும்பும் வரை
வாலைத் தூக்கிக்கொண்டு
அந்த ஸ்க்ரூடிரைவரின் பின்னாலேயே போனது
உமையாள் வீட்டுப் பூனை.